இளையோர் நாவலும் வளர்ந்த வாசகரும்: ஒரு வரலாற்று நோக்கு

இலக்கியத்தை வாசகரின் வயதுக்கேற்பப் பாகுபடுத்தும் வழக்கம் இன்று இயல்பானதொன்றாகக் கொள்ளப்படுகின்றது. சிறுவர் நூல், இளையோர் நாவல், வளர்ந்தோர் நாவல் என்னும் பிரிவுகள் புத்தகக் கடைகளிலும் நூலக அடுக்குகளிலும் நிலைபெற்றுவிட்டன. ஆயினும் வாசகர் இப்பிரிவுகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பதாகத் தெரியவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் நூல் வணிகம் பற்றி ஆராயும் பௌக்கர் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பின்படி, 12 முதல் 17 வயது வரையினருக்கென வெளியிடப்பட்ட நூல்களை வாங்கியோரில் 55 வீதத்தினர் 18 வயதினராகவோ அதற்கு மேற்பட்டவராகவோ இருந்தனர். இவர்கள் தம் பிள்ளைகளுக்கென வாங்கினர் என்று சமாதானம் கூறவும் இடமில்லை. வாங்கிய வளர்ந்தோரிற் பெரும்பாலோர் தாம் வாசிப்பதற்கென்றே அவற்றை வாங்கியதாகக் கூறியுள்ளனர்.

இந்நிலைமையைக் கண்ட விமர்சகர் சிலர் இதனைப் புதியதொரு நோயின் அறிகுறியாகவே விளக்கினர். பொறுப்புகளிலிருந்து தப்பி ஓடும் மனப்பான்மை, குழந்தைப் பருவத்துக்கு மீளும் ஆசை, கடினமான எழுத்தை வாசிக்கும் பொறுமை இன்மை என்பன காரணங்களாகக் காட்டப்பட்டன. ஆனால் வளர்ந்தோர் இளையோர் நாவலை வாசிப்பது உண்மையில் புதியதுதானா? அவ்வாசிப்பைப் பற்றிய ஏளனம் எப்பொழுது, எவருடைய நலனுக்காகத் தோன்றியது? இவ்வினாக்களுக்கு விடை காணாது மேற்கூறிய முடிபை ஏற்றுக்கொள்வது வரலாற்று நோக்குக்கு ஒவ்வாததாகும். ஆங்கில நாவலின் வரலாற்றில், குறிப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில், இவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் அடங்கியுள்ளன.

1. எல்லைக்கோடு தோன்றிய சூழ்நிலை

ஆங்கில நாவல் தோன்றிய காலத்தில் அது வயது வேறுபாட்டை அறிந்திருக்கவில்லை. 1719இல் டானியல் டீபோ எழுதிய 'ரொபின்சன் குறூசோ'வும், 1726இல் ஜொனதன் ஸ்விப்ற் எழுதிய 'கலிவரின் யாத்திரைக'ளும் சிறுவருக்கென எழுதப்பட்டவை அல்ல. வணிக வர்க்கத்தின் எழுச்சியை முன்னது பிரதிபலித்தது. அரசியல் அங்கதமாகப் பின்னது அமைந்தது. காலப்போக்கிற் சிறுவர் இவ்விரண்டையும் தமதாக்கிக் கொண்டனர். 1744இல் இலண்டனில் ஜோன் நியூபரி சிறுவருக்கெனத் தனியே நூல் வெளியிடத் தொடங்கியபோதும், குடும்பத்தில் ஒருவர் உரத்து வாசிக்கப் பெரியோரும் சிறியோரும் ஒருங்கே கேட்கும் வழக்கம் நீடித்தது. டிக்கின்ஸின் நாவல்கள் பகுதி பகுதியாக வெளிவந்த காலத்தில் அவை சென்றடைந்த குடும்பங்கள் பலவற்றில் இவ்வாறே வாசிக்கப்பட்டன.

இந்நிலையை மாற்றிய காரணிகள் இரண்டு. முதலாவது கல்வியின் பரவலாகும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1870ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் பள்ளிகளைப் பெருக்கியது. 1880இன் சட்டம் வருகையைக் கட்டாயமாக்கியது. 1891 முதல் ஆரம்பக் கல்வி பெரும்பாலும் இலவசமாயிற்று. எழுத்தறிவு பெற்ற புதியதொரு தலைமுறை வாசிப்புச் சந்தையுள் நுழைந்தது. அத்தலைமுறையை நாடி மலிவான வார இதழ்கள் பெருகின. அவற்றின் செல்வாக்கைக் கண்டு அஞ்சிய சமய நூற் சங்கம், 1879இல் 'பையன்களின் சொந்தப் பத்திரிகை'யைத் தொடங்கித் தானும் அச்சந்தையில் இறங்கியது.

இரண்டாவது காரணி நூல்களின் விலையும் வடிவமும் ஆகும். வளர்ந்தோருக்கான நாவல் அக்காலத்தில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதன் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரண வருமானமுடையோர் எவரும் இதனை வாங்குதல் இயலாது. ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தி மூடியின் வாடகை நூலகத்திற் சேர்ந்த நடுத்தர வகுப்பினரே நாவலின் பிரதான வாசகராயினர். இம்முறை 1894இல் சிதைந்தது. அதற்கு முன்னரே, ஒரே பாகமாக ஐந்து ஷில்லிங்குக்கு விற்கப்பட்ட 'பையன்களின் கதை' புதிய வாசகரை ஈர்க்கத் தொடங்கிவிட்டது. எனவே இளையோர் நாவல் என்னும் வடிவத்தின் எழுச்சியை, மலிவும் சுருக்கமும் வேகமும் கொண்ட ஒரு நூல்வகையின் எழுச்சியாகவும் நோக்குதல் வேண்டும். வளர்ந்தோர் அதனை நாடியமைக்கு இப்பொருளியற் காரணமும் ஒன்று.

2. 'புதையல் தீவு': இரு தலைமுறையினரின் கதை

இம்மாற்றத்தின் மையத்தில் நிற்பது ரொபேட் லூயி ஸ்ரீவன்சனின் 'புதையல் தீவு' ஆகும். 1881ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்கொட்லாந்தின் பிறேமார் என்னுமிடத்தில், மழையால் வீட்டினுள் அடைபட்டிருந்த நாட்களில், தன் மனைவியின் மகனான லொயிட் ஒஸ்போனை மகிழ்விக்கும் பொருட்டு அவர் இக்கதையைத் தொடங்கினார். ஒரு தீவின் வரைபடத்திலிருந்து கதை பிறந்தது. எழுதி முடிந்த அத்தியாயங்களை அவர் குடும்பத்தினருக்கு வாசித்துக் காட்டினார். அவருடைய தந்தை தோமஸ் ஸ்ரீவன்சன் அறுபது வயதைக் கடந்தவர். வெளிச்சவீடுகள் அமைப்பதிற் பெயர்பெற்ற பொறியியலாளர். கண்டிப்பும் சமயப்பற்றும் மிக்கவர். எழுத்துத் தொழிலை மகன் தெரிந்துகொண்டதை விரும்பாதிருந்த அவர், இக்கதையில் முழுமையாக ஈடுபட்டார். பில்லி போன்ஸ் என்னும் கடலோடியின் பெட்டகத்திற் காணப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலைத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். கடற்கொள்ளைத் தலைவன் பிளின்ரின் கப்பலுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. ஒரு பையனுக்கெனத் தொடங்கிய கதைக்கு இரண்டு பையன்கள் கிடைத்ததாக ஸ்ரீவன்சன் 1894இல் வெளியான கட்டுரையொன்றில் நினைவு கூர்ந்துள்ளார்.

இதன் பிந்திய வரலாறு மேலும் கருத்தைக் கவர்வதாகும். 1881 ஒக்டோபர் தொடக்கம் 1882 ஜனவரி வரை இந்நாவல் 'இளையோர்' என்ற பொருள்படும் 'யங் போக்ஸ்' வார இதழில், கப்டன் ஜோர்ஜ் நோர்த் என்னும் புனைபெயரில் தொடராக வெளிவந்தது. அவ்விதழின் இளம் வாசகரிடையே அது எவ்விதக் கவனத்தையும் பெறவில்லை என்பதை ஆசிரியரே ஒப்புக்கொண்டுள்ளார். 1883இன் இறுதியிற் கசெல் நிறுவனம் அதனை நூலாக வெளியிட்ட பின்னரே புகழ் வந்தது. அப்புகழைத் தேடித்தந்தோருள் விமர்சகரும் அரசியலாளரும் முன்னின்றனர். அன்றைய பிரதமர் கிளாட்ஸ்ரன் இரவு நெடுநேரம் கண்விழித்து அதனை வாசித்தார் எனக் கூறப்படுகின்றது.

இங்கு ஓர் உண்மை புலனாகின்றது. இளையோர் நாவலின் வளர்ந்த வாசகர், பிற்காலத்தில் அவ்வெல்லையுள் அத்துமீறி நுழைந்தவர் அல்லர். அவ்வடிவம் உருவாகும்போதே அவர் உடனிருந்தார். உருவாக்கத்திற் பங்கும் கொண்டார். அத்திலாந்திக்குக்கு அப்பாலும் இதுவே நிலைமை. 1876இல் வெளியான 'ரொம் சோயர்' நாவலின் முன்னுரையில் மார்க் ருவெயின், நூல் பையன்களுக்கும் சிறுமிகளுக்கும் உரியதாயினும், அதன் பொருட்டு வளர்ந்த ஆண்களும் பெண்களும் அதனை ஒதுக்கிவிடலாகாது என்று கேட்டுக்கொண்டார்.

3. ஹென்றி ஜேம்ஸும் ஸ்ரீவன்சனும்

1884ஆம் ஆண்டில் 'லோங்மன்ஸ் மகசின்' என்னும் சஞ்சிகையில் இடம்பெற்ற கருத்துப் பரிமாற்றம் இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். நாவலை ஓவியத்துக்கும் வரலாற்றுக்கும் நிகரான உயர்கலையாக நிறுவ முயன்ற ஹென்றி ஜேம்ஸ், 'புனைகதைக் கலை' என்னுங் கட்டுரையில், ஒரு சிறுமியின் உள வளர்ச்சியைச் சித்திரிக்கும் பிரெஞ்சு நாவலொன்றோடு 'புதையல் தீவி'னை ஒப்பிட்டார். தாம் நோக்கமாகக் கொண்டதைச் சாதித்த வகையில் ஸ்ரீவன்சனின் நாவலை அவர் பாராட்டினார். எனினும், தாம் குழந்தையாக இருந்ததுண்டு, புதையல் தேடிச் சென்றதில்லை என்றும், ஆதலால் அந்நாவலைத் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டு நோக்க இயலவில்லை என்றும் கூறினார். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்ரீவன்சன் மறுமொழி எழுதினார். புதையலை ஒருபோதும் தேடாதவர் குழந்தையாகவே இருந்திருக்க முடியாது என்பது அதன் சாரம். இலக்கியம் வாழ்க்கையோடு போட்டியிடுவதில்லை. சிதறிக் கிடக்கும் வாழ்க்கையிலிருந்து சிலவற்றைத் தெரிந்து ஒழுங்குபடுத்தியே அது ஆற்றல் பெறுகின்றது என்று அவர் வாதிட்டார்.

இவ்விருவரும் பின்னர் நெருங்கிய நண்பராயினர். ஆனால் விமர்சன உலகில் நிலைபெற்றது ஜேம்ஸ் வகுத்த வழியே. நாவல் உயர்கலையாக மதிக்கப்பட வேண்டுமாயின் அது தன் வாசகரைத் தெரிவு செய்தல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1899இல் எழுதிய 'நாவலின் எதிர்காலம்' என்னுங் கட்டுரையில், சிறுவர், பெண்கள் ஆகியோரின் பெருந்தொகையான வாசிப்பு நாவலின் தரத்தைத் தாழ்த்துவதாக ஜேம்ஸ் கருதியதைக் காணலாம். சிறுவர் இலக்கியம் தீவிர விமர்சனத்தின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டமைக்கும் இப்போக்குக்கும் இடையிலான தொடர்பினை 1978இல் பெலிசிற்றி ஹியூஸ் என்னும் ஆய்வாளர் தெளிவுபடுத்தினார். ஆகவே, இளையோர் நாவலை வாசிக்கும் வளர்ந்தோரை நோக்கிய ஏளனம் காலங்கடந்த அழகியல் உண்மையொன்றன் வெளிப்பாடு அன்று. கட்டாயக் கல்வியால் எழுத்தறிவு பெற்ற புதிய வாசகர் கூட்டத்திலிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்ட விழைந்த ஒரு சிறுபான்மையின் வர்க்கக் குரலும் அதில் ஒலிக்கின்றது.

4. இன்பத்தின் மறுபக்கம்

எனினும், ஏளனம் செய்தவர் தவறிழைத்தனர் என்பதால் இன்புற்றவர் யாவரும் குற்றமற்றவர் என்று முடிவு செய்தல் பொருந்தாது. 'புதையல் தீவி'ன் வெற்றியைக் கண்டு, அதிற் பாதியளவு சிறந்த ஒன்றையேனும் தம்மால் எழுத முடியும் எனச் சகோதரரோடு பந்தயங் கட்டி ரைடர் ஹகாட் எழுதிய நாவல் 'சொலமன் அரசனின் சுரங்கங்கள்'. 1885இல் வெளியான அந்நூலை அவர் பெரியவரும் சிறியவருமான பையன்கள் அனைவருக்கும் காணிக்கையாக்கினார். வளர்ந்த ஆண்களைப் 'பெரிய பையன்கள்' என விளித்தமை தற்செயலானதன்று.

ஹகாட் தென்னாபிரிக்காவில் ஆங்கிலேய நிருவாகத்திற் பணியாற்றியவர். 1877இல் திரான்ஸ்வால் இணைக்கப்பட்டபோது பிரிற்ரோரியாவில் பிரித்தானியக் கொடியேற்றிய நிகழ்ச்சியிற் பங்குகொண்டவர். ஆபிரிக்காவைத் தம்முள் வகுத்துக்கொள்வதற்கான விதிகளை ஐரோப்பிய அரசுகள் பேர்லின் மாநாட்டில் உடன்பட்டுக் கொண்டதும் 1885ஆம் ஆண்டிலேயே. கிம்பர்லி வைரச் சுரங்கங்கள் ஏற்கெனவே செல்வம் ஈட்டிக்கொண்டிருந்தன. இச்சூழலில், ஆபிரிக்க நிலத்தின் அடியிற் கிடக்கும் செல்வம் துணிவுடைய ஆங்கிலேயருக்கு உரியது என்னும் எண்ணத்தை அந்நாவல் விளையாட்டாக்கியது. சுரங்கத்தில் உழைத்த ஆபிரிக்கரின் வியர்வை அதில் இடம்பெறவில்லை. வைரங்களைச் சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டு வெளியேறும் வீரரே இடம்பெற்றனர். பேரரசின் வன்முறையை ஒரு பையனின் துணிகரச் செயலாகக் காணும் வாய்ப்பு வளர்ந்த வாசகருக்கு ஆறுதலளித்தது. குழந்தைமை இங்கு பொறுப்பைத் துறப்பதற்கான வழியாயிற்று.

இவ்வின்பத்தை உள்ளிருந்தே தகர்த்த முயற்சிகளும் தோன்றின. 1857இல் பலன்ரைன் எழுதிய 'பவளத் தீவு' என்னும் நாவலில், தீவொன்றில் ஒதுங்கிய ஆங்கிலேயப் பையன்கள் நாகரிகத்தின் தூதுவராகக் காட்சியளித்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், இரண்டாம் உலகப் போரிற் கடற்படையிற் பணியாற்றித் திரும்பிய வில்லியம் கோல்டிங், 1954இல் வெளியிட்ட 'ஈக்களின் அதிபதி' நாவலில் அதே பையன்களை ஒருவரையொருவர் வேட்டையாட விட்டார். சிறுவயதில் வாசித்த கதையை வளர்ந்த மனிதன் மீள வாசிக்கும்போது பெறும் அதிர்ச்சியே அந்நாவலின் கரு எனலாம்.

5. கட்டிளமைப் பருவமும் புதிய சந்தையும்

இருபதாம் நூற்றாண்டில் எல்லைக்கோடு மேலும் நுணுக்கமாக வரையப்பட்டது. 1904இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்ரான்லி ஹோல் கட்டிளமைப் பருவம் பற்றி இரு பாகங்களில் எழுதிய நூல், குழந்தைக்கும் வளர்ந்தோருக்கும் இடையிலான ஒரு பருவத்தை ஆய்வுக்குரியதாக்கியது. உயர்நிலைப் பள்ளிகளின் பெருக்கத்தால் இளைஞர் உழைப்புச் சந்தையுள் நுழைவது தாமதமாயிற்று. தொழிலுக்கும் குடும்பப் பொறுப்புக்கும் முன்னரான இவ்விடைவெளியே கட்டிளமையின் சமூக அடிப்படையாகும். நூலகர்கள் அப்பருவத்தினருக்கெனத் தனிப் பட்டியல்களும் அறைகளும் அமைத்தனர். 1957இல் அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் சேவைக்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவியது.

இப்பிரிவினையும் வாசகரைக் கட்டுப்படுத்தவில்லை. 1951இல் வளர்ந்தோருக்கென வெளியிடப்பட்ட சலிஞ்சரின் 'ரை வயலிற் காப்பவன்' நாவலைப் பள்ளி மாணவர் தமதாக்கிக் கொண்டனர். 1967இல் ஹின்ரன் என்னும் பதினெட்டு வயதுப் பெண், தன் வயதினரின் உண்மை வாழ்க்கையைக் கூறும் நூல்கள் இல்லாமையால், வர்க்கப் பகையாற் சிதையும் இளைஞர் கூட்டங்களைப் பற்றி 'வெளியாட்கள்' நாவலை வெளியிட்டார். பெண்ணின் படைப்பென அறிந்தால் மதிப்புரையாளர் புறக்கணிப்பர் என அஞ்சிய பதிப்பகத்தார், முதலெழுத்துகளை மட்டுமே அட்டையில் அச்சிட்டனர்.

1997இல் வெளிவரத் தொடங்கிய 'ஹரி பொட்டர்' நூல்வரிசை இவ்வரலாற்றின் அண்மைக் கட்டத்தைக் குறிக்கின்றது. பிரித்தானியப் பதிப்பகம் 1998இல் அதனை வளர்ந்தோருக்கான வேறு அட்டையுடனும் வெளியிட்டது. உள்ளே ஒரே எழுத்து. வெளியே இரு முகங்கள். வாசிப்பதற்கு வெட்கமில்லை, பிறர் காண்பதற்கே வெட்கம் என்பதனை வணிகர் நன்குணர்ந்திருந்தனர். 2000ஆம் ஆண்டில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை சிறுவர் நூல்களுக்கு வேறொரு விற்பனைப் பட்டியலை உருவாக்கி, இந்நூல்களைப் பிரதான பட்டியலிலிருந்து அகற்றியது. 2003இல் நாவலாசிரியை ஏ. எஸ். பயற், அந்நூல்களை விரும்பும் வளர்ந்தோரைக் குழந்தைத்தனத்துக்கு மீள்வோராகச் சாடினார். 1884இன் விவாதம் வேறு பெயர்களுடன் மீண்டும் அரங்கேறியது என்பதே பொருந்தும்.

6. வளர்ந்தோர் எதனைச் சுவைக்கின்றனர்?

1939இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், தேவதைக் கதைகள் சிறுவருக்குரியவை என்பது ஒரு வரலாற்று விபத்தே என ரொல்கீன் வாதிட்டார். பெரியோர் பயன்படுத்தாது ஒதுக்கிய பழைய தளபாடங்கள் பிள்ளைகளின் அறைக்குச் செல்வது போல அக்கதைகளும் சென்றன என்பது அவர் கருத்து. இவ்விளக்கம் பயனுள்ளதாயினும் முழுமையானதன்று. ஒதுக்கப்பட்ட பொருளைப் பெரியோர் மீண்டும் தேடிச் செல்வதேன் என்பதை அது விளக்கவில்லை.

நாவல்களின் அமைப்பிலேயே இதற்கு விடை உண்டு. 'ஹக்கிள்பெரி பின்' நாவலில், அடிமை நிலையிலிருந்து தப்பிவந்த ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதா இல்லையா என்று ஹக் தடுமாறுகின்றான். காட்டிக்கொடுக்காமை பாவம் என்றே அவனுக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. தான் நரகத்துக்குரியவனாவதாக நம்பிக்கொண்டே அவன் நண்பனைக் காக்க முடிவு செய்கின்றான். இளம் வாசகன் இங்கு ஹக்கின் துணிவைக் காண்கின்றான். வளர்ந்த வாசகனோ, அன்பைப் பாவமாகவும் கொடுமையை அறமாகவும் மாற்றிய ஒரு சமூகத்தையும், அச்சமூகத்தை ஒத்த தன் சூழலையும் சேர்த்துக் காண்கின்றான். 'புதையல் தீவி'லும் இவ்வாறே. கொலைகாரனாகிய லோங் ஜோன் சில்வரே அக்கதையில் மிக அன்பாகப் பேசுபவனும் ஆவான். அவனை வெறுக்கவும் முடியாது, நம்பவும் முடியாது நிற்கும் சிறுவன் ஜிம் ஹோக்கின்ஸ், எல்லாம் முடிந்த பின் அக்கதையை நினைவிலிருந்து எழுதுகின்றான். புதையல் கிடைத்தும் அவன் கனவுகளில் அத்தீவின் அலையோசை அச்சமூட்டுகின்றது. வென்றவனின் பெருமிதத்தோடு அந்நாவல் முடியவில்லை.

ஆகவே சிறந்த இளையோர் நாவல் வளர்ந்தோருக்கு அளிப்பது குழந்தைமையை அன்று. குழந்தைமை முடிவுறும் கணத்தை மீள நோக்கும் வாய்ப்பை. மனிதன் முதன்முதலாக ஒரு தீர்மானத்தைத் தனித்து எடுக்கும் கணம் அது. பின்னைய வாழ்வில் தீர்மானங்கள் பழக்கமாகின்றன; தொழிலும் சட்டமும் வழக்கமும் மனிதனுக்காகத் தீர்மானிக்கின்றன. வேறு விதமாகவும் வாழ்ந்திருக்கலாம் என்னும் எண்ணம் மங்கிப் போகின்றது. அவ்வெண்ணத்தைப் புதுப்பிக்கும் ஆற்றல் இந்நாவல்களுக்கு உண்டு. கட்டுண்ட உழைப்பும் தனிமையும் மிகுந்த கைத்தொழிற் சமுதாயத்தில் இவற்றுக்கு வளர்ந்த வாசகர் பெருகியமை வியப்புக்குரியதன்று.

முடிவாக நோக்குமிடத்து, ஒருவர் இளையோர் நாவலை வாசிக்கின்றார் என்பது மட்டும் அவரைப் பற்றி எதனையும் கூறுவதில்லை. ஹகாட்டின் 'பெரிய பையன்' பொறுப்பை மறப்பதற்காக வாசித்தான். ஹக்கின் கதையை வாசிக்கும் வளர்ந்தவன் தான் மறந்த பொறுப்பை நினைவுகூர வேண்டியவனாகின்றான். இரண்டுமே இன்பந்தான். ஆயின், ஒன்று வாசகனை அவன் காலத்தின் அநீதிக்கு உடந்தையாக்குகின்றது. மற்றையது அவ்வநீதியைக் காணும் கண்ணைத் திறக்கின்றது. வாசகரின் வயதை வினவும் விமர்சனம் இவ்வேறுபாட்டை ஒருபோதும் காணமாட்டாது. நூல் வாசகரை எங்கே இட்டுச் செல்கின்றது என்று வினவும் விமர்சனமே இத்துறைக்கு வேண்டப்படுவதாகும்.